திதி அரிசி

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்தது அதிகப்படிதான். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது, அதுவும் மலையாளத்தில். தமிழை அம்மாதான் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளைத் தரையில் விரித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மட்டாஞ்சேரியில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப் பேராவது அந்த ரயிலில் போயிருப்பீர்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போனார்கள். அரிசி, பருப்பு, புளி, காய்கறி எல்லாம் டிக்கி நிறைய வாங்கி வந்தார்கள். டீசல் காசு போக மிச்சம்தான் என்று சொல்லி எனக்கும் ஒரு பை அரிசி கொடுத்தார்கள்.

"வழியில யாரும் கேக்கலையா?" என்றேன்.

"எந்தா கேக்கணும் ஆன்ட்டி? அரிசிதானே?" என்று அந்தப் பையன் சிரித்தான்.

அந்தப் பையை நான் இன்னும் பிரிக்கவில்லை. அடுப்பங்கரை மூலையில் இருக்கிறது.

நாங்கள் அப்போது பஜார் தெருவில், சுக்கும் மிளகும் அடுக்கி வைக்கிற ஒரு கிடங்குக்குப் பின்னால் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக நாலு வீடு. எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அடுத்த வீட்டில் அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, பெரியப்பாவோடு இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மிளகுத் தூசி எல்லா வீட்டுக்குள்ளும் வரும். சாயங்காலம் முகம் கழுவினால் தண்ணீர் கொஞ்சம் கறுப்பாகப் போகும். பெரியப்பா பஜாரில் மூட்டை சுமந்தார். உயரம் குறைவு, தோள் மட்டும் ஒரு மேசை போல அகலம். அவர் தும்மினால் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கண்ணாடி ஆடும்.

அப்பாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை. அவருடைய சம்பளம் மாதத்தின் மூன்றாவது வாரத்தைப் பார்த்ததில்லை. ரேஷனில் கிடைத்த அரிசியில் கல்லும் வாடையும் இருந்தன. நாங்கள் உண்கிற வெள்ளைப் புழுங்கல் அரிசி மட்டாஞ்சேரிக் கடையில் யானை விலை. அதே அரிசி எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர்ச் சந்தையில், மலிவு. ஆனால் அந்த நாட்களில் அங்கிருந்து அரிசியை இந்தப் பக்கம் கொண்டுவர விடமாட்டார்கள். ரயிலில் ஏறிச் சோதிப்பார்கள். கிடைத்ததைப் பிளாட்பாரத்தில் இறக்கிவிடுவார்கள். சில பெண்கள் அரிசியைத் துணிக்குழாயில் அடைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மாசமாக இருக்கிறவர்கள் போல மெதுவாக நடந்து வருவார்கள். அம்மாவுக்கு அந்தத் தைரியம் கிடையாது.

முதல் தடவை நாங்கள் கொண்டுவந்தது பொய் இல்லை. அப்பாவின் சித்தப்பா எங்கள் வீட்டில்தான் இறந்தார். கருமாதிக்கு ஆக வேண்டிய அரிசி, பருப்பு, கோடி வேட்டி எல்லாவற்றையும் கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த மாமா கொடுத்து அனுப்பினார். அம்மா, பெரியம்மா, நான் மூவரும் கொண்டுவந்தோம். எல்லைக்கு முந்தைய நிலையத்தில் சோதனைக்காரர் ஏறினார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு. மூட்டையைக் குத்திப் பார்க்கிற ஒரு இரும்புக் குழல் அவர் கையில் இருக்கும். அதைப் பெஞ்சுகளில் தட்டிக்கொண்டே வருவார். ஆள் தெரிவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்.

மூட்டையின் வாயைத் திறந்தவர், மேலே இருந்த கோடி வேட்டியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"கருமாதிக்குங்களா? முன்னமே சொல்லக் கூடாதா அம்மிணி? சாவு அரிசியத் தொட்டுப்போட்டு நான் எப்படி ஊட்டுக்குப் போறது?" என்றார். குழலின் நுனியால் மூட்டை வாயை மூடிவிட்டு, கைகளைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும்வரை அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இருவர் மனதிலும் ஒரே எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் நாங்களாகவே போனோம். துறைமுகத் தீவில் இருந்த ரயில் நிலையம் உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது அங்கே ரயில் வருவதில்லை. விடியும்போது தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டினால், கீழே மீன் படகுகளில் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார்கள். மதியம் சந்தை, மாலை திரும்புகிற ரயில். மூட்டையின் மேலே ஒரு புது வேட்டியை மடித்து வைத்தோம். பெரியம்மா பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவியதில் பொட்டு அழிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இரும்புச் சத்தம் வந்தது. அந்த மனிதர் வேட்டியைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஊட்டுக்காரருங்களா?"

பெரியம்மா தலையை அசைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் அழுதேன்.

அன்று இரவு பெரியப்பா விஷயத்தைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்ப நான் செத்தாச்சா? கொள்ளாம், நல்லாருக்கு! எடீ, செத்தவனுக்கு ஒரு சாயா போடு. சீனி கூட்டி இடணும் கேட்டியா, இனி எனக்கு என்ன கேடு வரப் போவுது?"

"வாயில நல்ல வார்த்தை வராதா உங்களுக்கு?" என்றாள் பெரியம்மா.

"நான் சொன்னேனா? நீயில்லே தலையாட்டிட்டு வந்தே!"

இப்படித்தான் ஆரம்பித்தது. இறந்தவருக்கு மாதாமாதம் திதி உண்டே, வருடம் திரும்பும் வரை. அதனால் மாதாமாதம் எங்களுக்கு அரிசி வந்தது. வேண்டியவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்தோம். பெரியப்பா வரிசை வீடுகளில் நின்று, "செத்துக்கிட்டே நாலு வீட்டுக்குச் சோறு போடுறேன், உங்க வீட்டு ஆம்பளைங்களால முடியுமா?" என்று பெண்களைச் சீண்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

ரயிலில் யாரும் சிரிக்கவில்லை. எல்லை வருவதற்கு முன் பெரியம்மா தாலியை ரவிக்கைக்குள் போட்டு, முந்தானை நுனியில் எச்சில் தொட்டுப் பொட்டை அழிப்பாள். பிறகு ஒப்பாரி தொடங்குவாள். முதலில் முணுமுணுப்பு மாதிரி வரும். "மூட்டை தூக்குன தோளு, மூங்கில் மேல போச்சே" என்று அவளே கட்டிய வரிகள். பெட்டியில் இருக்கும் முன்பின் தெரியாத பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஒருத்தி வந்து அவள் தோளைப் பிடிப்பாள், இன்னொருத்தி கூடவே அழுவாள். பெரியம்மாவின் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது. எங்கிருந்து வருகிறது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லை தாண்டி, பாலக்காடு நெருங்கும்போது ஒரு சிறிய தகர டப்பாவைத் திறப்பாள். மூடியின் உள்பக்கம் இருந்த கண்ணாடித் துண்டில் பார்த்து மறுபடியும் பொட்டு வைத்துக்கொள்வாள். அழுத பெண்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். யாரும் கேட்டதில்லை.

சோதனைக்காரர் எங்களை நன்றாக அறிந்துகொண்டார். எங்கள் பெஞ்சுக்கு வரும்போது இரும்புக் குழலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். ஒரு மாதம் பெரியம்மாவிடம் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"எள்ளுங்க அம்மிணி. ஊட்டுல சொன்னேன், கொண்டுபோய்க் குடுங்கன்னு குடுத்துவிட்டா. அவருக்கு எறைக்கறப்ப என்ற பேரையும் நெனைச்சுக்குங்க."

பெரியம்மாவால் அதை வாங்காமல் இருக்க முடியவில்லை. வழியில் ஆற்றில் எறிந்துவிடலாம் என்றாள் அம்மா. ஒருவன் மனதாரக் கொடுத்ததை எப்படி எறிவது என்று பெரியம்மா மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் குழப்பத்தில் தகர டப்பாவைத் திறக்க மறந்துவிட்டாள். எங்களுக்கும் தோன்றவில்லை.

பெரியப்பாதான் கதவைத் திறந்தார். கையில் சிம்னி விளக்கு. அன்று மின்சாரம் இல்லை. வாசலில் பெரியம்மா நெற்றியில் ஒன்றுமில்லாமல், தாலி வெளியே தெரியாமல், அழுது வீங்கிய முகத்தோடு, கையில் எள்ளுப் பொட்டலத்தோடு நின்றாள். அவர் விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினார். வெகுநேரம் பார்த்தார். கேலி ஒன்று வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"யாருக்கு?" என்றார்.

பெரியம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் அந்த அரிசியைத் தொடவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "என் திதிச் சோறை நானே திங்கிறதா? ஊர்ல எவனாவது தின்னிருக்கானா?" என்று நிதானமாகக் கேட்டார். முதலில் விளையாட்டு என்றே நினைத்தோம். பெரியம்மா பஜாரில் கடை அரிசி வாங்கி வந்து அவருக்கென்று தனியாக வடித்தாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் அங்கேருந்து லாரியில வர்றதுதான். நான்தான் இறக்குறேன், எனக்கா தெரியாது?" என்றார். கப்பைக் கிழங்கும் நெத்திலி மீனும் தின்றார். பிறகு அதுவும் பாதியாகக் குறைந்தது. அகலமான தோள் இறங்க ஆரம்பித்தது. கிடங்கில் அவருக்குப் பெரிய மூட்டை கொடுப்பதை நிறுத்தினார்கள்.

சாயங்காலங்களில் அவர் என்னைக் கூப்பிடுவார். அம்மாவும் பெரியம்மாவும் குழாயடியில் இருக்கும் நேரம்.

"மோளே, வண்டியில அவ எப்படிப் பாடுவா? ஒன்னு பாடு பாக்கலாம்."

நான் வெட்கப்பட்டுக்கொண்டு பாடுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூங்கில் மேல போச்சே என்று வரும்போது காலை நீட்டி, இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து வைத்துக்கொள்வார். ஒரு நாள் நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"வலது தோள்ல தழும்பு இருக்கே, கொக்கி கிழிச்சது. அதைப் பத்தி ஒன்னும் சொல்லலையா?"

"இல்ல பெரியப்பா."

"அப்ப அது வேற ஆளு," என்றார். சொல்லிவிட்டுத் தோளைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "இது இருக்கா பாரு," என்று சட்டையை விலக்கிக் காட்டினார். இருக்கிறது என்றேன். "தொட்டுப் பாத்துச் சொல்லு," என்றார். தொட்டேன். தோல் குளிர்ந்திருந்தது. மிளகுத் தூசியின் நெடி மட்டும் வழக்கம்போல அடித்தது.

பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கள்ளுக்கடைப் பழக்கம் முற்றி ஈரல் போய்விட்டது என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் வயிற்றுப் புண் என்று ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார்கள். அம்மா அது வெறும் பிடிவாதம் என்றாள். இப்போது யோசித்தால், எல்லோருக்கும் உண்மை தெரிந்துதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அரிசியை நிறுத்த வேண்டும். அதனால் வெவ்வேறு நோய்களைச் சொன்னார்கள்.

அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் பெரியப்பா முகம் மழித்துக்கொண்டார். பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்தார். கழுத்தருகே அது தொளதொளவென்று நின்றது.

"நானும் வர்றேன்," என்றார்.

"எதுக்கு?" என்றாள் பெரியம்மா.

"அந்த ஆளு என்னை உசிரோட பாக்கணும். நான் சாகலைன்னு அவன் வாயால சொல்லணும். சொன்னா எல்லாம் சரியாவும். நான் சோறு தின்னுவேன்."

அம்மா குறுக்கே வந்தாள். "மச்சான், அவர் பாத்தா அரிசி போச்சு. அது போவட்டும். இத்தனை மாசம் ஏமாத்தினதுக்கு அக்காவைப் பிடிச்சு உள்ளே போட்டா?"

"அப்ப நான் போய்ச் சேர்ந்தா பரவாயில்லையா?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமினார். பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "வரட்டும்," என்றாள்.

சந்தையில் அன்று பெரியப்பா சந்தோஷமாக இருந்தார். யார் சொல்லியும் கேட்காமல் மூட்டையை அவரே தூக்கினார். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து தலையைக் கலைக்காமல் பிடித்துக்கொண்டு வந்தார், புகைப்படம் எடுக்கப் போகிறவர் மாதிரி. எதிரே பெரியம்மா. அன்றும் பொட்டை அழித்திருந்தாள். ஆனால் ஒப்பாரி பாடவில்லை. வெளியே மலை நீலமாக மாறி, பிறகு கறுத்தது. பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

இரும்புச் சத்தம் வந்தது. எங்களைப் பார்த்ததும் நின்றது.

"வாங்க அம்மிணி. திதி நாளாச்சுங்களா?" என்றார் அந்த மனிதர்.

பெரியப்பா எழுந்து நின்றார். தள்ளாடியதில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான்தான் அது."

"எது?"

"இவ புருசன். செத்துப் போனதாச் சொன்னாளே, அது நான்தான். பாருங்க. நல்லா பாருங்க. நான் சாகலை."

அவர் சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். சோதனைக்காரர் அவரைப் பார்த்தார். மெலிந்த கழுத்து, தொளதொளத்த சட்டை. பிறகு மெதுவாகப் பெரியம்மா பக்கம் திரும்பினார். பெட்டியில் அத்தனை பேரும் பெரியம்மாவைத்தான் பார்த்தார்கள். அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின.

பெரியம்மா தலை நிமிர்ந்தாள். அவள் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"அவரு தம்பி சாரே. அண்ணன் போனதுலேருந்து இப்படித்தான். நான்தான் அண்ணன், நான் சாகலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நடக்காரு. சோறும் தின்னுறதில்லை."

பெரியப்பாவுக்குத் தம்பி கிடையாது. ஒரே பிள்ளை அவர்.

"எடீ," என்றார். அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்தார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சோதனைக்காரர் இரும்புக் குழலைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். இரண்டு கைகளாலும் பெரியப்பாவின் தோளைப் பிடித்து, ஒரு குழந்தையை உட்கார வைப்பது போல உட்கார வைத்தார்.

"கூடப் பொறந்தவன் போனா அப்படித்தானுங்க இருக்கும். என்ற தம்பி போனப்ப நானும் இப்படித்தான் கெடந்தேன். மனசத் தேத்திக்கோணும். அண்ணியப் பாருங்க, அதுக்கு இனி நீங்கதானே தொணை? நீங்களே இப்படிச் சோறு உங்காம கெடந்தா எப்படிங்க?"

அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் மூட்டையைத் தொடாமல் இறங்கிப் போனார். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் பெரியப்பாவுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். அவர் வாங்கித் தின்றார்.

வண்டி நகர்ந்தது. வெகுநேரம் அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்காடு வந்தது. பெரியம்மா தகர டப்பாவைத் திறந்தாள். குங்குமம் மூக்கின் மேல் சிந்தியது. "கேக்குறீங்களா, நான் அப்படிச் சொல்லலைன்னா…" என்று அவரிடம் ஏதோ தொடங்கினாள். அவர் மரியாதையாகக் காலை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார். பெட்டியின் கதவருகே போய், வெளியே இருட்டைப் பார்த்து நின்றார். எர்ணாகுளம் தாண்டித் தீவு வரும்வரை அங்கேயே நின்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் எங்களுக்கு முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் பெரியம்மா அந்த அரிசியை வடித்தாள். பெரியப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றி, இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றார். மூன்றாவது தடவை அவள் கரண்டியை நீட்டியபோது தட்டைக் கையால் மறைத்து, "போதும் அண்ணி," என்றார்.